முக்கியத்துவம்: ஒரு திறனாய்வுச் சொல்லும் கல்முனைக் கரையோரமும்

இலக்கியத் திறனாய்விலே நாம் நாள்தோறும் கையாளும் சொற்கள் சில, அடிக்கடி கையாளப்படுவதாலேயே ஆராயப்படாது போய்விடுகின்றன. 'முக்கியத்துவம்' என்பது அவற்றுள் ஒன்று. ஒரு நூல் 'முக்கியத்துவம் பெறுகின்றது' என்போம். ஒரு கவிஞர் 'முக்கியமானவர்' என்போம். ஒரு பிரதேசத்தின் இலக்கியத்துக்கு 'உரிய முக்கியத்துவம் அளிக்கப்படவில்லை' என்று குறைபடுவோம். இவ்வாக்கியங்களை எழுதுபவருக்கும் வாசிப்பவருக்கும் அவற்றின் பொருள் தெளிவாயிருப்பதாகவே தோன்றும். ஆயினும் முக்கியம் என்றால் யாது, அது யாருக்கு முக்கியம், எதன்பொருட்டு முக்கியம், அதனைத் தீர்மானிப்பவர் யார் என்ற வினாக்களை எழுப்பினால், அத்தெளிவு பெரும்பாலும் நிலைப்பதில்லை.

இச்சொல்லின் பொருளையும் வழக்கையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். எனினும் சொல்லாராய்ச்சியோடு அமையாது, அச்சொல் செயற்படும் ஒரு களத்தையும் நோக்க விரும்புகின்றோம். பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தொடரும் அம்பாறைக் கரையோரமும், சற்று உள்ளே அமைந்த சம்மாந்துறையுமே அக்களமாகும். முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் மாறிமாறி அமைந்த இந்நிலப்பகுதியின் இலக்கியம் பற்றிப் பேசப்படும்போதெல்லாம் 'முக்கியத்துவம்' என்ற சொல் தவறாது வந்து சேர்கின்றது. அது வந்து சேரும் விதத்தை ஆராய்வது பயனுடையது எனக் கருதுகின்றோம்.

1

'முக்கியம்' என்பது முகம் என்னும் பொருள்தரும் வடசொல்லின் அடியாகப் பிறந்தது. முகத்தில் நிற்பது, முன்னே நிற்பது எதுவோ அது முக்கியமானது. அதனோடு தன்மையை உணர்த்தும் 'துவம்' என்னும் விகுதி சேர, 'முக்கியத்துவம்' என்ற பண்புப்பெயர் தோன்றுகின்றது. இச்சொல்லின் அடியிலே இருப்பது இடம்பற்றிய கருத்து: முன்னே நிற்றல். முன் என்பதோ நோக்குபவன் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. நாம் திரும்பி நின்றால் முன்னிருந்தது பின்னாகிவிடும்.

தமிழிலே இப்பொருட்பரப்பில் வழங்கும் ஏனைய சொற்களும் ஒவ்வொன்றும் வெவ்வேறு கருத்தையே அடிப்படையாகக் கொண்டுள்ளன. 'முதன்மை' என்பது முதல் என்னும் சொல்லடியாகக் காலத்தையும் வரிசையையும் சுட்டும். 'தலைமை' உடலின் உறுப்பைக்கொண்டு அதிகாரத்தைச் சுட்டும். 'சிறப்பு' ஒன்றைப் பிறவற்றிலிருந்து வேறுபடுத்திக் காட்டும். ஈழத்தில் பெருவழக்காயுள்ள 'பெறுமதி' பண்டமாற்றின் வழிவந்த சொல். ஒன்றைக் கொடுத்து எதனைப் பெறலாம் என்னும் கணிப்பு அதிலே உண்டு. 'இன்றியமையாமை' இவை அனைத்திலும் வேறானது. ஒன்று இல்லாவிடின் மற்றொன்று அமையாது என்னும் தொடர்பினை அது கூறுகின்றது. 'வான்சிறப்பு' என்ற அதிகாரத்தின் இறுதியில் வள்ளுவர், நீர் இல்லாமல் உலகம் அமையாது என்னும் கருத்தைக் கூறுமிடத்து, மழையின் பெருமையைப் புகழ்ந்து நின்றுவிடவில்லை. மழைக்கும் மனித ஒழுக்கத்துக்கும் இடையிலுள்ள உறவையே நிறுவுகின்றார்.

பிறமொழிகளை நோக்கினும் இவ்வேறுபாடு புலனாகும். ஆங்கிலத்தில் வழங்கும் 'இம்போட்டன்ஸ்' என்ற சொல் இலத்தீனிலே உள்ளே சுமந்துவருதல் என்னும் பொருளுடைய வினையடியிலிருந்து வந்தது. அரபு மொழியில் இதே பொருளில் வழங்கும் 'முஹிம்' என்ற சொல்லின் வேரோ கவலை, அக்கறை என்பவற்றைக் குறிப்பது. எது ஒருவரைக் கவலைகொள்ளச் செய்கின்றதோ அதுவே அவருக்கு முஹிம். நமது கரையோரத்து அரபுக் கல்லூரிகளிற் பயின்றோர் இச்சொல்லை நன்கறிவர். ஒரு மொழியில் முகமாகவும், இன்னொன்றில் சுமையாகவும், பிறிதொன்றில் கவலையாகவும் அமையும் ஒரு கருத்தை, எங்கும் எப்போதும் ஒரே பொருளுடையதாக நாம் கொள்வது பொருந்தாது.

வடசொல்லாதலால் இச்சொல்லை விலக்கவேண்டும் என்பது எமது வாதமன்று. காரைதீவிற் பிறந்து, 1936ஆம் ஆண்டு சென்னையிலே நடைபெற்ற கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகளின் மண்ணைப் பற்றிப் பேசுகையில், சொல்லின் பிறப்பைவிட அது செய்யும் பணியே நோக்கத்தக்கது என்று கொள்வது பொருத்தமாகும்.

2

சொல்லின் பணியை அறிய, அது எவ்வினைகளோடும் எவ்வேற்றுமைகளோடும் சேர்ந்து வருகின்றது என்பதை நோக்கவேண்டும்.

பேச்சு வழக்கிலே 'முக்கியம்' என்ற சொல் தனித்து நிற்பதில்லை. 'எனக்கு அது முக்கியமில்ல', 'பிள்ளைக்குப் படிப்புத்தான் முக்கியம்', 'வேளாண்மைக்குத் தண்ணி முக்கியம்' என்றவாறே கரையோர மக்கள் பேசுவர். எனக்கு, பிள்ளைக்கு, வேளாண்மைக்கு என நான்காம் வேற்றுமை உருபேற்ற பெயர் ஒன்று உடன்வருதலைக் காணலாம். 'வேணும்', 'தேவை', 'பிடிக்கும்' ஆகிய சொற்களும் இவ்வாறே வருவன. தமிழிலே விருப்பமும் தேவையும் முக்கியமும் யாரேனும் ஒருவருக்கு உரியனவாகவே பேசப்படுகின்றன. கொள்பவர் இல்லாத தேவை தமிழ்ப் பேச்சில் இல்லை.

இதே சொல் 'முக்கியத்துவம்' என்னும் பண்புப்பெயராகி எழுத்துவழக்கிற் புகும்போது என்ன நிகழ்கின்றது? 'இந்நூல் முக்கியத்துவம் வாய்ந்தது' என்ற வாக்கியத்திலே நான்காம் வேற்றுமைப் பெயர் மறைந்துவிடுகின்றது. யாருக்கு என்ற வினாவுக்கு அங்கு இடமில்லை. பொன்னுக்கு நிறம்போல, நூலுக்கு முக்கியத்துவம் இயல்பாகவே வாய்த்தது என்ற தோற்றம் உண்டாகின்றது. 'முக்கியத்துவம் பெறுகின்றது' என்னும்போது பெறுவது தெரிகின்றது, கொடுப்பவர் தெரிவதில்லை. 'முக்கியத்துவம் அளிக்கப்படவில்லை' என்னும் செயப்பாட்டு வாக்கியத்திலும் கொடாதவர் மறைந்தே நிற்கின்றார். குற்றச்சாட்டு இருக்கின்றது, குற்றஞ்சாட்டப்பட்டவர் இல்லை.

இதனைக் கூறுவதால் பண்புப்பெயர்களே வேண்டா என்பது கருத்தன்று. பொதுமைப்படுத்திப் பேசாத ஆராய்ச்சி இல்லை. ஆனால் பொதுமைப்படுத்தும்போது மறைவது எது என்பதை ஆராய்ச்சியாளன் அறிந்திருத்தல் வேண்டும். மறைந்த நான்காம் வேற்றுமைப் பெயரை மீண்டும் வாக்கியத்திற் சேர்த்துப் பார்த்தாற்போதும். பல முடிபுகள் ஆட்டங்காணத் தொடங்கும்.

3

முதலில், எல்லோரும் முக்கியம் என ஒப்புக்கொண்ட நூல் ஒன்றினை எடுத்துக்கொள்வோம். கண்டியைச் சேர்ந்த சித்திலெவ்வை 1885ஆம் ஆண்டு வெளியிட்ட 'அஸன்பேயுடைய கதை' ஈழத்தவர் எழுதிய முதல் தமிழ் நாவலாகக் கருதப்படுகின்றது. 1879இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை அடுத்து, தமிழ் நாவல் வரலாற்றின் தொடக்கத்திலேயே இதற்கு இடமுண்டு. நாவலிலக்கியம் பற்றிய கட்டுரைகள் இந்நூலின் பெயரையும் ஆண்டையும் தவறாது குறிப்பிடுகின்றன. ஆனால் அவற்றுட் பல, அதற்கு அப்பால் ஒரு வாக்கியமும் கூறுவதில்லை.

இங்கே 'முதன்மை' என்ற சொல்லும் 'முக்கியத்துவம்' என்ற சொல்லும் ஒன்றாக்கப்பட்டுள்ளன. முதலாவதாகத் தோன்றியதால் அது முக்கியமானது. முக்கியமானது என்று கூறிவிட்டதால் வாசிக்கவேண்டிய தேவையில்லை. எகிப்து முதலிய நாடுகளைக் களமாகக்கொண்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கண்டி முஸ்லிம் அறிஞர் ஒருவர் ஏன் அத்தகைய கதையைச் சொல்லவேண்டியிருந்தது, அவருடைய கல்வி முயற்சிகளுக்கும் இக்கதைக்கும் உள்ள தொடர்பு யாது, அக்கால வாசகருக்கு அது எதனை அளித்தது என்ற வினாக்களே இந்நூலின் முக்கியத்துவத்தை நிறுவவல்லன. ஆண்டுக்கணக்கு அவ்வினாக்களுக்கு வாயிலாக அமையலாம், விடையாக அமையாது.

4

இலக்கிய வரலாறுகளிலே முஸ்லிம்களின் எழுத்து எவ்வாறு இடம்பெறுகின்றது என்பதை அடுத்து நோக்குவோம். இதற்கு அடைமொழிகளை விட இடைச்சொற்களே நல்ல சான்றாகும்.

'முஸ்லிம் எழுத்தாளரும் தமிழ் இலக்கியத்துக்குப் பங்களிப்புச் செய்துள்ளனர்' என்ற வகையில் அமைந்த வாக்கியத்தை நாம் எத்தனையோ நூல்களிற் கண்டிருக்கின்றோம். நல்லெண்ணத்துடன் எழுதப்பட்ட வாக்கியந்தான். ஆனால் அதிலுள்ள 'உம்' என்னும் இடைச்சொல் கவனத்துக்குரியது. உம்மையின் பொருள்கள் எட்டு என இலக்கண நூலார் வகுப்பர். அவற்றுள் எச்சவும்மை, முன்னர்க் கூறப்பட்ட ஒன்றைத் தழுவி நிற்பது. 'முஸ்லிம் எழுத்தாளரும்' என்றவுடன், முன்னரே கூறப்பட்டவர் வேறு யாரோ உளர் என்பதும், அவரே இலக்கியத்துக்கு உரியவர் என்பதும், இவர் பின்னர் வந்து சேர்ந்தவர் என்பதும் பெறப்படுகின்றன. சிறப்பும்மையும் இவ்விடத்து நினைக்கத்தக்கது. உரையாசிரியர் அதனை உயர்வு சிறப்பு எனவும் இழிவு சிறப்பு எனவும் பிரிப்பர். இழிவு சிறப்புக்கு அவர்கள் காட்டும் எடுத்துக்காட்டிலே சாதி பற்றிய இழிவெண்ணம் வெளிப்படையாகவே உண்டு. ஈரெழுத்து இடைச்சொல்லினுள்ளும் சமூகத்தின் ஏற்றத்தாழ்வு தங்கமுடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

'பங்களிப்பு' என்பதும் 'தொண்டு' என்பதும் இத்தகையனவே. பங்களிப்பவர் தம்முடையதை இன்னொருவருடைய பொதுவிற் கொண்டுவந்து சேர்ப்பவர். தொண்டு செய்பவரும் உரிமையாளர் அல்லர். பேராசிரியர் ம. மு. உவைஸ் 1950களில் முஸ்லிம்கள் தமிழுக்கு ஆற்றிய பணியை ஆராயப் புகுந்தபோது இக்கருத்தமைப்பு வரலாற்றுத் தேவையாக இருந்தது. பல்கலைக்கழகத் தமிழாராய்ச்சி கண்டுகொள்ளாத பெருந்தொகையான நூல்களை அவர் அதன்முன் கொண்டுவந்து வைக்கவேண்டியிருந்தது. அந்த உழைப்பின்மேல் நின்றே நாம் இன்று பேசுகின்றோம். ஆயினும் ஒரு காலத்தின் தேவையை நிறைவு செய்த சொல், பின்வருங் காலத்துக்குத் தடையாதலும் உண்டு. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு, தமிழிலே தாலாட்டும் ஒப்பாரியும் காதற் கவியும் பாடிவந்த மக்கள், தம் மொழிக்குப் 'பங்களிப்பு'ச் செய்வதாகக் கூறுவது எங்ஙனம் பொருந்தும்? அளவெட்டியிற் பிறந்த கவிஞரைப் பற்றி எழுதும்போது அவர் தமிழுக்குப் பங்களிப்புச் செய்தார் என்று நாம் தொடங்குவதில்லை. அவருடைய கவிதையைப் பற்றியே பேசத் தொடங்குகின்றோம்.

5

அளவெட்டிக் கவிஞரைக் குறிப்பிட்டது காரணத்தோடுதான். மஹாகவி என்ற து. உருத்திரமூர்த்தி (1927-1971) இருபதாம் நூற்றாண்டின் ஈழத்துக் கவிதையிலே தலையாய இடத்துக்குரியவர் என்று இன்று பரவலாக ஒப்புக்கொள்ளப்படுகின்றது. அவர் வாழ்ந்த காலத்தில் நிலைமை அவ்வாறிருக்கவில்லை. முற்போக்குத் திறனாய்வாளர் அவருக்கு உரிய இடத்தை வழங்கவில்லை என்ற குறைபாடு பின்னர் பலராலும் எடுத்துரைக்கப்பட்டது. அவருடைய 'ஒரு சாதாரண மனிதனது சரித்திரம்' 1971ஆம் ஆண்டு நூலுருவில் வந்தது. அதனை வெளியிட்டது யாழ்ப்பாணத்துப் பதிப்பகமன்று, கொழும்புப் பதிப்பகமுமன்று. கல்முனையில் எம். ஏ. நுஃமானின் முயற்சியாலே இயங்கிய வாசகர் சங்கமே அதனை வெளியிட்டது. நுஃமானும் அவரைச் சூழ்ந்த கல்முனைக் கவிஞர்களும் மஹாகவியின் இடத்தைத் தொடர்ந்து வற்புறுத்தி எழுதினர்.

இந்நிகழ்ச்சி எமது ஆராய்ச்சிக்கு இருவகையில் உதவுகின்றது. முதலாவதாக, முக்கியத்துவத்தைப் பெறவேண்டிய ஓரப்பகுதியாக மட்டும் எண்ணப்பட்ட ஒரு கரையோரம், யாழ்ப்பாணக் கவிஞர் ஒருவரின் முக்கியத்துவத்தை நிறுவும் பணியை மேற்கொண்டது. மையம் அளிக்க, ஓரம் பெறும் என்ற எண்ணத்தை இது பொய்யாக்குகின்றது. இரண்டாவதாக, அந்நூலின் பெயரே நாம் ஆராயும் வினாவை எழுப்புகின்றது. சரித்திரம் என்பது முக்கியமானவர்களுக்கு உரியது. சாதாரண மனிதனுக்குச் சரித்திரம் ஏது? எவ்வித வீரச்செயலும் புரியாத ஒருவனின் வாழ்வைக் காவியப் பொருளாக்கியமை, காவிய மரபு எவரை முன்னே நிறுத்தி வந்தது என்பதன்மீது தொடுக்கப்பட்ட விமரிசனமாகும். போடியார்களின் வயல்களும் கூலியுழைப்பாளரின் குடிசைகளும் அருகருகே இருக்கும் கல்முனையில் அந்நூலின் தேவை உணரப்பட்டமை வியப்புக்குரியதன்று.

இத்தொடர்பு தற்செயலானதும் அன்று. 1969இல் கல்முனையிலிருந்து 'கவிஞன்' என்ற கவிதையிதழ் வெளிவரத் தொடங்கியது. 1981இல் வாசகர் சங்கம் நுஃமான் மொழிபெயர்த்த 'பலஸ்தீனக் கவிதைகள்' என்னும் நூலை வெளியிட்டது. 1984இல் நுஃமானும் அ. யேசுராசாவும் தொகுத்த 'பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்' சென்னையிலே க்ரியா வெளியீடாக வந்தது. அப்பதினொருவருள் நீலாவணன், சண்முகம் சிவலிங்கம், நுஃமான் ஆகிய மூவர் இக்கரையோரத்தவர். பெரியநீலாவணை, பாண்டிருப்பு, கல்முனை ஆகிய அவர்களது ஊர்கள் ஒரே வீதியிற் சில மைல் தூரத்துள் அமைந்துள்ளன. மூவருள் இருவர் தமிழர், ஒருவர் முஸ்லிம். பின்வந்த சோலைக்கிளி அதே கல்முனையிலிருந்து, முன்னவர்களின் யாப்போசையையும் தர்க்க ஒழுங்கையும் விட்டுவிலகி, முற்றிலும் வேறான படிம மொழி ஒன்றைக் கொண்டுவந்தார். 1991இல் வெளிவந்த அவரது 'காகம் கலைத்த கனவு' அதற்குச் சான்றாகும்.

இத்தகைய ஒரு பகுதியைப் 'பிரதேச இலக்கியம்' என்ற தலைப்பின்கீழ் அடக்குவது இன்றும் வழக்கமாயுள்ளது. யாழ்ப்பாணமும் ஒரு பிரதேசமே; தஞ்சாவூரும் ஒரு பிரதேசமே. எனினும் அவற்றின் இலக்கியம் அடைமொழியின்றி இலக்கியம் எனப்படும். நீலாவணனின் 'வேளாண்மை' காவியம் அவர் 1975இல் மறைந்த பின்னர், 1982இல் நூலுருப்பெற்றது. வேளாண்மை என்ற சொல் அகராதியில் உழவையும் உபகாரத்தையும் குறிக்கும். கிழக்கிலங்கையிலோ அது வயலில் நிற்கும் நெற்பயிரையே குறிக்கும்: 'வேளாண்மை வெட்டு' என்றே மக்கள் கூறுவர். இவ்வழக்கினை அறியாத வாசகருக்கு அந்நூலின் பெயர் ஒரு பொதுப்பண்பாகத் தோன்றும். அறிந்தவருக்கு அது கதிர் முற்றிய வயல். பிரதேசத்தை அறிதல் இங்கே நூலை வாசிப்பதற்கே முன்நிபந்தனையாகின்றது.

பெயரிடுதலிலும் இந்த ஏற்றத்தாழ்வு தொடர்கின்றது. 1961ஆம் ஆண்டு அம்பாறை மாவட்டம் தனியாகப் பிரிக்கப்படும்வரை இப்பகுதி மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பாகமாயிருந்தது. ஆதலால் வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' (1964) முதலான நூல்களிலே இக்கரையோரம் மட்டக்களப்பு என்ற பெயருக்குள் அடங்கியது. பின்னரோ, கல்லோயாத் திட்டத்தோடு வளர்ந்த உள்நாட்டு நகர் ஒன்றின் பெயருக்குள் அடங்கியது. முன்னதிலும் பின்னதிலும் அதற்குத் தன் பெயரில்லை.

6

இதுவரை கூறியதைக்கொண்டு, கரையோர எழுத்துகள் அனைத்துக்கும் பெருமுக்கியத்துவம் அளிக்கவேண்டும் என்று நாம் வாதிடுவதாக யாரும் கொள்ளலாகாது. அவ்வாறு கொள்வதற்கு இடமளிக்கும் போக்கு ஒன்று நம்மிடையே வளர்ந்துள்ளமையையும் வெளிப்படையாகக் கூறவேண்டும். புறக்கணிப்பு நெடுங்காலம் நீடித்த இடத்திலே ஊர்ப்பெருமை எளிதில் முளைக்கின்றது. ஒவ்வோர் ஊரும் தன் எழுத்தாளர் பட்டியலைத் தயாரிக்கின்றது. பட்டியலிலுள்ள ஒவ்வொருவரும் 'முக்கியமானவர்' ஆகின்றார். வெளியீட்டு விழாக்களிலே இச்சொல் பொன்னாடையோடு சேர்த்து வழங்கப்படுகின்றது. யாருக்கு முக்கியம் என்ற வினாவை மையத்தை நோக்கி எழுப்பும் நாம், அதே வினாவை எமக்குள் எழுப்புவதில்லை.

இதனால் விளையும் தீங்கு பெரிது. எல்லோரும் முக்கியமானவர் எனப்படுமிடத்து, உண்மையில் உயர்ந்த கவிதை எழுதியவர் மற்றவர்களோடு கலந்து காணாமற் போகின்றார். முன்னைய புறக்கணிப்பினால் நேர்ந்ததே இப்புகழ்ச்சியினாலும் நேர்கின்றது: ஒருவருடைய எழுத்தும் வாசிக்கப்படுவதில்லை.

இச்சிக்கல் தமிழுக்குப் புதிதன்று. புறநானூற்றிலே கபிலர் மலையமான் திருமுடிக்காரியை நோக்கிக் கூறும் பாட்டு ஒன்றுண்டு. கொடுத்தல் எளிது, வந்தவரின் தகுதி வரிசையை அறிதலே அரிது, ஆதலால் புலவரை ஒருபடித்தாக நோக்குவதை விடுக என்பது அதன் கருத்து. அதே தொகையிலே கணியன் பூங்குன்றனார், பெரியோரைக் கண்டு வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது அதனிலும் இல்லை என்ற நிலையைக் கூறுகின்றார். இவையிரண்டும் ஒன்றையொன்று மறுப்பனபோலத் தோன்றும். நுணுகி நோக்கின் இரண்டும் திறனாய்வாளனுக்கு வேண்டியனவே. தகுதியறிதலைக் கைவிட்டால் திறனாய்வு இல்லை. வியப்பையும் இகழ்ச்சியையும் கைவிடாவிட்டாலோ தகுதியறிதல் இயலாது. பெயரையும் ஊரையும் குலத்தையும் கண்டு வரிசைப்படுத்துவதே எஞ்சும்.

ஆகவே மூன்றினை வேறுபடுத்திக் கொள்வது நன்று. ஒரு படைப்பின் கலைப்பெறுமதி ஒன்று. அதன் வரலாற்று முக்கியத்துவம் இன்னொன்று. அது ஒரு சமூகத்துக்கு இன்றியமையாததாக இருத்தல் மூன்றாவது. முதல் நாவல் எனப்படுவது வரலாற்று முக்கியத்துவம் உடையதாயினும் கலைப்பெறுமதியிற் குறைந்திருக்கலாம். ஒரு கிராமத்துக் கவி எவ்வரலாற்றிலும் இடம்பெறாதிருந்தும், அதனைப் பாடிய மக்களுக்கு இன்றியமையாததாக இருந்திருக்கலாம். மருதூர்க்கொத்தனின் சிறுகதைகளை முஸ்லிம் வாழ்வின் பதிவு எனப் பாராட்டுவோர், அவை சிறுகதைகளாக வெற்றிபெற்றனவா என்பதையும் கேட்டாகவேண்டும். அவ்வினாவைத் தவிர்ப்பது மரியாதையன்று. அவரை எழுத்தாளராகக் கொள்ள மறுப்பதேயாகும்.

7

இன்றியமையாமை என்னும் மூன்றாவதைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூறவேண்டும். கரையோர முஸ்லிம்களின் பேச்சிலே ஒரு செயலின் கட்டாயத்தைப் படிப்படியாக வகுத்துக்கூறும் சொற்றொகுதி ஒன்று வழக்கிலுள்ளது. பர்ளு, சுன்னத்து, முபாஹ், மக்றூஹ், ஹராம் என்னும் அவை மார்க்கச் சட்டத்தின் வழிவந்தவை. செய்தே தீரவேண்டியது, செய்வது நன்று, செய்யினும் விடினும் ஒன்று, தவிர்ப்பது நன்று, செய்யவே கூடாது என்று ஐந்து நிலைகளை அவை தெளிவாகப் பிரிக்கின்றன. நமது திறனாய்வுச் சொற்களிலே இத்தகைய படிநிலைத் தெளிவு இல்லை. 'முக்கியம்', 'மிக முக்கியம்', 'மிகமிக முக்கியம்' என்று அடைகளை அடுக்குவதே நம்மால் இயல்வதாயுள்ளது.

அத்தொகுதியுள் எமது பொருளுக்கு மிகவும் பொருந்தும் வேறுபாடு ஒன்றுண்டு. பர்ளு ஐன் என்பது ஒவ்வொருவர்மீதும் தனித்தனியே சுமந்த கடமை. ஐவேளைத் தொழுகை அத்தகையது. பர்ளு கிபாயா என்பது சமூகத்தின்மீது கூட்டாகச் சுமந்த கடமை. இறந்தவருக்காகத் தொழுவது அதற்கு எடுத்துக்காட்டு. சிலர் அதனை நிறைவேற்றினால் ஏனையோரின் பொறுப்பு நீங்கும். ஒருவரும் நிறைவேற்றாவிடின் எல்லோரும் குற்றவாளிகள். மார்க்கப் பொருளை விடுத்து, இக்கருத்தின் அமைப்பினை மட்டும் நோக்குமாறு வாசகரை வேண்டுகின்றோம். எல்லோரும் செய்யவேண்டியதில்லை, ஆனால் யாராவது செய்தாகவேண்டும் என்ற வகையைச் சேர்ந்த பணிகள் பண்பாட்டுத் துறையிலே பல உள்ளன. அவற்றை நாம் 'முக்கியமானவை' என்று கூறி, கூறியதோடு அமைந்துவிடுகின்றோம்.

கிராமியக் கவிகளைச் சேகரிப்பது அத்தகைய பணி. வயலிலும் குடிலிலும் பாடப்பட்ட நாலடிக் கவிகளிலே, எழுத்திற் பேச வாய்ப்பில்லாத பெண்களின் காதலும் பிரிவும் கோபமும் உள்ளன. நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் இவற்றைத் தேடித் தொகுத்தனர். ஒரு சிலர் செய்த அப்பணியினால் எம்மெல்லோரின் கடமையும் ஓரளவு தீர்ந்தது. முற்றாகத் தீர்ந்தது எனக் கூறமுடியாது. 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆந் திகதி கடற்கோள் வந்தபோது, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கடலோரப் பகுதிகள் அழிந்தன. அம்பாறை மாவட்டத்திலே பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் முதிய பெண்கள் எத்தனையோ பேர். எழுதப்படாத கவி, பாடுபவரின் நினைவைத் தவிர வேறிடத்தில் இருப்பதில்லை. அன்று அப்பெண்களோடு எத்தனை கவிகள் போயின என்பதை இனி எந்த ஆராய்ச்சியாலும் அறியமுடியாது.

அதற்கு முன்னைய ஆண்டுகளிலே இக்கவிகள் முக்கியமானவை அல்ல என்று எவரும் கூறவில்லை. கருத்தரங்குகளில் அவற்றின் முக்கியத்துவம் வற்புறுத்தப்பட்டே வந்தது. குறை சொல்லில் இருக்கவில்லை. எழுவாய் இல்லாத அச்சொல்லை ஒவ்வொருவரும் பயன்படுத்தினோம். செய்யவேண்டியவர் வேறொருவர் என்று ஒவ்வொருவரும் எண்ணினோம்.

8

இவ்வாராய்ச்சியின் முடிபாக நாம் முன்வைப்பது ஒரு புதிய கலைச்சொல்லையன்று. முக்கியத்துவம் என்ற சொல் நிலைக்கட்டும். ஆனால் அதனை எழுதும் ஒவ்வொரு தடவையும், பேச்சுவழக்கு காப்பாற்றி வைத்துள்ள நான்காம் வேற்றுமைப் பெயரை மீட்டுக்கொள்வோம்: இது யாருக்கு முக்கியம்? அடுத்து, கலையினாலா, வரலாற்றினாலா, வாழ்வின் தேவையினாலா முக்கியம் என்பதைப் பிரித்துக் கூறுவோம். இறுதியாக, முக்கியமெனின் அதற்காக நாம் செய்யவேண்டியது யாது, செய்பவர் யார் என்பதையும் அதே கட்டுரையில் எழுதுவோம்.

ஒலுவிலிலே தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இக்கரையோரத்துக்கென அமைந்துள்ளது. பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் தமிழ்த்துறைகள் உள்ளன. மாணவர் ஆண்டுதோறும் ஆய்வேடுகள் எழுதுகின்றனர். அவற்றுட் பல கரையோர எழுத்தாளர் பற்றியவை. அவ்வேடுகளின் இறுதி இயலில் 'இவர் முக்கியத்துவம் பெறுகின்றார்' என்ற வாக்கியம் வருமிடத்து, மேற்பார்வை செய்யும் ஆசிரியர் சற்று நிறுத்தி, 'யாருக்கு, எதனால்?' என்று ஓரத்தில் எழுதுவாராயின், ஒரு பக்கமாவது புதிதாக எழுதவேண்டி நேரும். அதற்காக மாணவர் அவ்வெழுத்தாளரின் நூலை மீண்டும் எடுத்து வாசிக்கவேண்டும். அவரது ஊருக்கு ஒருதடவை சென்றுவரவேண்டும். கல்முனைக்குப் பேருந்து வசதி உண்டு. அங்கு இன்னும் கவி சொல்லத் தெரிந்த முதியோர் இருக்கின்றனர்.